காலைத் தாள்

பல் தேய்க்கும் முன் குழந்தையின் நாக்கில் அந்தத் தாளை ஒற்றி எடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அங்கே மெஷினில் வைத்தால், இரவு முழுக்க வாயில் என்னென்ன கிருமிகள் பெருகின என்று அது சொல்லிவிடும். சாக்லேட் தின்றுவிட்டுத் தூங்கினால்கூட மாட்டிக்கொள்வோம்.

இன்று என் மகள் தாரகை வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். அதட்டிப் பார்த்தேன். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் கண்ணெதிரிலேயே தாளை என் நாக்கில் ஒற்றி அவள் பையில் போட்டேன்.

பதினோரு மணிக்கு எங்கள் இருவரையும் பள்ளிக்கு வரச் சொன்னார்கள்.

"ரெண்டாங்கிளாஸ் பிள்ளை சார்! குடிக்கிறவங்க வாயில வர்ற கிருமின்னு காட்டுது. யாரு குடுத்தா இவளுக்கு?" என்றார் ஜெசிந்தா மிஸ்.

அது என் நாக்கில் ஒற்றிய தாள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால், நான் குடியை விட்டு ஒரு வருடமாகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் என் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"மெஷின்ல ஏதோ கோளாறு மிஸ்" என்றேன்.

மிஸ் புதுத் தாள் ஒன்றைப் பிரித்து, "ஆ காட்டும்மா" என்றார்.

தாரகை என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

காலையில் அதட்டிய நான், இப்போது அதட்டவில்லை.