வட்ட ஜன்னல்

உடைக்கப் போகிற பழைய பயணிகள் கப்பலை அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று துறைமுகத்தில் அறிவித்திருந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து மனைவியோடு வந்திருந்த கிருஷ்ணப்பன், வரிசையில் நின்றபடியே கைகாட்டினார்.

"நங்கூரத்துக்குக் கீழ ஒரு நெளிவு கீது பாரு பூவம்மா, எழுபத்தாறுல கரையில மோதுனது. பின்னாடி பேரு எழுதிக்கீற எடத்துலதான் மொதல்ல துருப் புடிக்கும்."

படிக்கட்டருகே நின்ற இளம் அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இந்தக் கப்பல்ல எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க ஐயா?"

"இருபத்தெட்டு வருஷம் சார்," என்றாள் பூவம்மா.

"அப்போ நீங்கதான் எனக்குச் சுத்திக் காட்டணும்." அதிகாரி இருவரையும் முதல் ஆளாக மேலே அழைத்துப் போனார்.

உள்ளே கால் வைத்ததும் கிருஷ்ணப்பன் நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கம் போவணும் சார்?"

"என்ன ஐயா, உங்க கப்பல்ல என்னைக் கேக்கறீங்க?"

"நான் வெளியில பலகையில தொங்கிகினு பெயின்ட் அடிச்சவன் சார். உள்ளார வர்றது இன்னிக்குத்தான்."

அதிகாரி ஓர் அறையைத் திறந்துவிட்டார். கட்டில், மேசை எதையும் பார்க்காமல் கிருஷ்ணப்பன் நேராக வட்ட ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தார்.

"இங்கருந்து பாத்தா நான் தெரிஞ்சிருப்பனா சார்?"