முதல் நாள் சும்மா

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் வாகீசன் போதைத் தடுப்பு நாடகத்தைத் தொடக்கிவைத்தார். ஏற்கெனவே மூன்று பதாகைகள் கட்டிப் போதையை ஒழித்த அனுபவம் அவருக்கு. பார்வையிட வந்த கல்வி அதிகாரி பத்மாசினி முன்வரிசையில் இருந்தார்.

நாடகத்தில் மாணவி கோபிகா போதைத்தூள் விற்பவள். யதுசன் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவன்.

கோபிகா அவன் தோளில் கை போட்டாள்.

"முதல் நாள் சும்மா வா, காசு வேண்டாம். உன்ரை சிநேகிதர் எல்லாரும் வந்திட்டினம். நீ வராட்டி உன்ரை வாழ்க்கை அவ்வளவுதான். ஆனா பள்ளிக்கூடத்திலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

யதுசன் வசனத்தை மறந்து, "எத்தினை மணிக்கு வாறது?" என்றான்.

அதிகாரி எழுந்தேவிட்டார். "பிள்ளை, ஆரோ உன்னோடை உண்மையாவே உப்பிடிக் கதைச்சிருக்கினம். ஆர் அது?"

கோபிகா தலைகுனிந்தாள்.

வாகீசனுக்குக் கடமையுணர்வு பொங்கியது. "பயப்பிடாதை பிள்ளை. நான் என்ன படிப்பிச்சனான்? எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் பேரைச் சொல்லோணும். இண்டைக்கே ஆளைப் பிடிச்சுக் குடுப்பம்."

"நீங்கள்தான் சேர்," என்றாள் கோபிகா. "உங்கடை வீட்டு ரியூசன் வகுப்புக்கு எங்களைச் சேர்க்கேக்கை."