குஞ்சம்மாளின் கேசட்

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மயில்சாமியின் கேசட் கடைக்குள் மதிய வெயில் கண்ணாடி அலமாரி வரை வந்து நிற்கிறது. சாப்பாட்டு நேரத்தில் வந்த குஞ்சம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜவ்வரிசி மில்லின் மாவு அவள் முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. பம்பாய்க்கு லோடு ஏற்றிவிட்டு வந்திருக்கும் லாரி டிரைவர் செங்கோட்டையனிடம் மயில்சாமி ஒரு கேசட்டைக் காட்டுகிறார். "புதுசுங்க. சினிமாப் பாட்டு இல்ல, வார்த்தையே கிடையாது. மில்லுல சல்லடை ஓடறப்ப இந்தம்மா அந்தச் சத்தத்தோட சேந்து பாடுனதை நானே போய் டேப்புல புடிச்சேன். இந்த மாதிரி எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க." ஒலிபெருக்கியில் சல்லடை தடதடக்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு குரல் மெல்ல எழுகிறது, இறங்குகிறது, மறுபடி எழுகிறது. குஞ்சம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் முகத்தையே பார்க்கிறாள். அவர் பாதியில் கையை உயர்த்துகிறார். "தப்பா நெனக்காதீங்கம்மா. நாள் பூரா எஞ்சின் சத்தந்தான் கேக்கறனுங்க, இதையுமா கேக்கறது? இதும்மேலயே நல்ல சினிமாப் பாட்டாப் புடிச்சுக் குடுங்க." கடையில் வேறு வெற்றுக் கேசட் இல்லை. அவள் பாட்டைப் பதிந்த பத்துக் கேசட்டில் ஒன்பதை இப்படித்தான் அழித்துக் கொடுத்தார் மயில்சாமி. மிஞ்சியது இது ஒன்றுதான். "நாளைக்கு வாங்களேன்" என்கிறார். "இப்பவே கெளம்போணுமுங்க" என்கிறார் டிரைவர். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானின் மேல் மயில்சாமியின் விரல் தயங்கி நிற்கிறது. குஞ்சம்மாள் எழுந்து முந்தானையை உதறிக்கொள்கிறாள். "அமுத்துங்க சாமி. அவரு போகோணுமல்ல."