புதிய பதிப்பில் சுந்தர்சிங்

சிட்லபாக்கம் வீட்டில் மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து எழுத்துகளை வெளிறச் செய்கிறது. காலியான நாற்காலியைப் பிடித்தபடி மெட்டில்டா நிற்கிறாள். வெவ்வேறு ஊர்க் கணினிகளின் நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் இலவச மென்பொருளை, இந்தப் பழைய வகைக் கணினியிலும் ஓடும்படி மாற்றி எல்லோருக்கும் கொடுத்தவன் அவள் அண்ணன் சுந்தர்சிங். போன மாதம் இறந்துபோனான். புதிய பதிப்பும் இதில் ஓடுகிறதென்று யாராவது சோதித்துச் சொல்லாவிட்டால், அதை வெளியிடுகிறவர்கள் அவன் பங்கையும் பெயரையும் நீக்கிவிடுவார்கள். அவன் நண்பன் குப்புராஜ் அவன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே தட்டச்சு செய்கிறான். மின்விசிறி கிறீச்சிட, திரையில் பிழைகள் ஏறிக்கொண்டே போகின்றன. “ஓடலம்மா. அவன் எழுதினது எனக்குப் பிடிபடல” என்கிறான். “ஓடுதுன்னு எழுதிடுங்க குப்புராஜண்ணா.” “அதை நம்பி எடுத்து ஓட்டிப் பார்க்கிறவன் உங்கண்ணனைத்தான் திட்டுவான்.” “திட்டட்டும்” என்கிறாள் மெட்டில்டா, “பேரைச் சொல்லித்தானே திட்டுவான்.”