திருடிய அத்தியாயம்

மேடையில் பேராசிரியர் ஓக்னியன் வாசித்துக்கொண்டிருந்த கட்டுரை, நெவேனா தன் ஆய்வேட்டுக்காக எழுதிய அத்தியாயம். கம்யூனிச ஆட்சி போன பிறகு பல்கேரியக் குடும்பங்களில் ஆண், பெண் உறவு எப்படி மாறியது என்று வருஷக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியது. திருத்தித் தருவதாக வாங்கிக்கொண்டு போனவர், தன் பெயரைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

“போன மாநாட்டுலயும் இதே திருட்டு! மனுஷன் கொஞ்சமாவது கூசுறானா பாரு. எழுந்து கேளேன்டி!” என்று பக்கத்தில் இருந்த தோழி கலினா பல்லைக் கடித்தாள்.

“படிக்கட்டும். முழுசாப் படிக்கட்டும்” என்றாள் நெவேனா.

ஓக்னியன் குரலை உயர்த்தினார்.

“ஃபாக்டரியை மூடினதும் இந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. புருஷன் மேடைக்கு மேடை பெண்ணுரிமை பேசுகிறவன். வீட்டில் அவளிடம் ‘சாப்பிட்டியா?’ என்று ஒரு நாள் கேட்டதில்லை. விருந்தாளிகளுக்கு ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ‘இவளுக்கு என்ன தெரியும்?’ என்று அவள் எதிரிலேயே சிரிக்கிறான்.” தாளிலிருந்து நிமிர்ந்து, “இவனெல்லாம் ஒரு மனுஷனா?” என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் அவர் மனைவி ருமியானா எழுந்து நின்றாள். பாராட்டப் போகிறாள் என்று அவர் பெருமையாகச் சிரித்தார்.

“அந்தப் பொண்ணு நான்தான், ஓக்னியன். நெவேனா நம்ம அடுப்படியில உட்கார்ந்துதான் இதை எழுதினா. ஊரை மட்டும் மாத்திட்டா. நீ திருடுவேன்னு தெரிஞ்சுதான் ரெண்டு பேருமாப் பேசி உன் கையில கொடுத்தோம்.”

ஓக்னியன் கையிலிருந்த தாள்களை அவசரமாகப் புரட்டினார்.

“ஆனா ஒண்ணு, படிக்கும்போதே நீ கண்டுபிடிச்சுடுவேன்னு பயந்தோம். உன்னை உனக்கே அடையாளம் தெரியலையே!”