ஜெஸ்ஸியின் ரெக்கார்ட்

“இங்க சேராதே. நக்கோ,” என்றாள் ஜெஸ்ஸி.

வித்யாலட்சுமி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். தேவராஜ் கையில் பூர்த்தி செய்த விண்ணப்பம். ஸ்போர்ட்ஸ் கோட்டா. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். இன்றைக்குத்தான் கடைசி நாள்.

மல்காஜ்கிரியிலிருந்து அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டி இந்தச் சின்ன யுனிவர்சிட்டிக்கு ஸ்கூட்டரில் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. குகட்பள்ளியில் ஒரு காலேஜ் ஸீட் தருகிறேன் என்றது, ஃபீஸும் கேட்டது. இங்கே ஸ்போர்ட்ஸ் டைரக்டர் பழனிசாமி ஒரு தமிழர் என்று தெரிந்ததும் தேவராஜ் பாதி முடிவெடுத்துவிட்டார்.

“நம்மாளு. பாத்துக்குவார்.”

நம்மாளும் பார்த்துக்கொண்டார். சுற்றிக் காட்ட ஒரு தமிழ்ப் பெண்ணையே அனுப்பிவைத்தார். ஜெஸ்ஸி, ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஃபைனல் இயர். வித்யாவைப் போலவே டிரிபிள் ஜம்ப்.

வந்த பத்தாவது நிமிஷம் அவள் சொன்னதுதான் அந்த ஹைதராபாத் ‘நக்கோ’. வேண்டாம்.

“ஏம்மா, முதல்ல எல்லாத்தையும் காட்டு. சேர்றதா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம்,” என்றார் தேவராஜ்.

வித்யா கேட்க வேண்டிய கேள்விகளை மொபைலில் எழுதி வைத்திருந்தாள்.

“ஜிம் இருக்கா அக்கா?”

“ஹவ், இருக்கு. ட்ரெட்மில்ல இப்ப துண்டு காயுது.”

“பிசியோ?”

“வாரத்துல ஒரு நாள் வருவார். எந்த நாள்னு அவருக்கே தெரியாது.”

“பிரவுச்சர்ல ஸ்விம்மிங் பூல் போட்டிருக்கே?”

“அது பிரவுச்சர்லதான் இருக்கு.”

வித்யா சிரித்துவிட்டாள். தேவராஜ் சிரிக்கவில்லை. வராந்தாவில் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார்.

“இவ்வளவு கப் வாங்கியிருக்காங்களே?”

“பாதி கப் ஸ்டாஃப் கேரம் போட்டி அங்கிள். நடுவுல பெரிசா நிக்குதே, அது ரங்கோலிக்கு.”

“கோச் யாரு?”

“பழனிசாமி சார்தான். எங்களுக்கும் அவர்தான், கபடிக்கும் அவர்தான், செஸ்ஸுக்கும் அவர்தான். செஸ்ல மட்டும் விசில் ஊத மாட்டார்.”

மைதானத்துக்கு வந்தார்கள். தாண்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. யுனிவர்சிட்டி ரெக்கார்டுகள். டிரிபிள் ஜம்ப், பெண்கள்: ஜெஸ்ஸி, 11.62 மீட்டர்.

தேவராஜ் அதை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது.

“எங்க வித்யா ஸ்டேட் மீட்ல பன்னெண்டு தாண்டினா.”

“தெரியும் அங்கிள். வீடியோ பார்த்தேன்.”

“ஒரு தடவை குதிச்சுப் பாக்கறேன்,” என்று ஷூவை மாட்டிக்கொண்டாள் வித்யா.

அவள் வேகமெடுத்து ஓடி வரும்போது, ஜெஸ்ஸி குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். மோதாமல் நிற்பதற்குள் வித்யா தடுமாறிப் போனாள்.

“பைத்தியமா அக்கா உங்களுக்கு?”

“குதிக்காதே. மணலைக் கிளறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கீழ சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கு.”

தேவராஜ் எட்டிப் பார்த்தார். மேல் மணல் பளிச்சென்று, புதிதாகக் கொட்டியதுபோல இருந்தது.

“இவ்வளவு மோசமான இடத்துல நீ மட்டும் எப்படிம்மா மூணு வருஷம் இருந்தே?”

ஜெஸ்ஸி குனிந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“காலேஜ் எதுவா இருந்தாலும் பரவால்ல அங்கிள். சிட்டிக்குள்ள சேருங்க. காலைல ஸ்டேடியத்துக்குப் போய் நல்ல கோச்கிட்ட பழகட்டும். இவ தாண்டறதைப் பார்த்தேன். இங்க வந்து வீணாப் போகக் கூடாது.”

“ரொம்ப சந்தோஷம்மா,” என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார் தேவராஜ்.

டைரக்டர் அறைக்குப் போகும் வழியெல்லாம் பொருமினார்.

“வயித்தெரிச்சல். வேறென்ன? போர்டுல இருக்கற பேரை நீ வந்து அழிச்சிடுவேன்னு பயம்.”

“ஆமா டாடி. என் வீடியோவை எதுக்குப் பார்த்து வெச்சிருக்கா? ஓட விடாம குறுக்க வேற வந்து நிக்கறா!”

“சேர்றோம். முதல் மாசமே அவ ரெக்கார்டை உடைக்கறே. அவளைப் பத்தி டைரக்டர்கிட்ட சொல்லாம விடமாட்டேன்.”

பழனிசாமி எழுந்து நின்று வரவேற்றார். விண்ணப்பத்தை வாங்கி மேஜையில் வைத்தார்.

“உக்காருங்க சார். டீ சாப்பிடறீங்களா?”

“டீ இருக்கட்டும். உங்க ஜெஸ்ஸியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“பாவமுங்க அந்தப் புள்ள,” என்று அவரே ஆரம்பித்துவிட்டார். “போன வருஷம் பிராக்டீஸ்ல குதிச்சு மணல்ல இறங்கறப்ப முட்டி போயிருச்சுங்க. மெடல் வரல. மெடல் வரலீன்னா கோட்டா இல்லைங்க, அது ரூல்ஸ். நான்தான் மேனேஜ்மென்ட்ல பேசி ஒரு வழி பண்ணினேன். கோட்டாவுல மூணே மூணு பேரைச் சேத்து விட்டாப் போதும், கடைசி வருஷ ஃபீஸ் கட்ட வேண்டாம்னுட்டாங்க. அதான் யாரு வந்தாலும் அவளையே கூட அனுப்பறனுங்க.”

பேனாவை எடுத்து தேவராஜிடம் நீட்டினார். பெருமூச்சு விட்டார்.

“பதினாலு பேருக்குச் சுத்திக் காட்டிட்டாளுங்க. ஒருத்தர்கூடச் சேரல. என்ன ராசியோ!”

வித்யா தலையைக் குனிந்துகொண்டாள். தேவராஜ் பேனாவை வாங்கவில்லை.

“அவளைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே சார்?”

தேவராஜ் மேஜைமேல் கிடந்த விண்ணப்பத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்க யுனிவர்சிட்டியை அந்தப் பொண்ணு மாதிரி யாரும் உசத்திப் பேச முடியாது சார். எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல.”