பன்னிரண்டாவது கட்டம்

12.10.96, சனி. இன்று ஒரு தவறு செய்தேன். பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்து நின்று வணங்கிவிட்டேன்.

அவினாசி ரோட்டு ஓட்டல். மேஜைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பியானோவில் நான். பக்கத்தில் கிதாரோடு தாரிக். மாலை இசை வகுப்பில் என்னோடு படிப்பவன்.

மேனேஜர் லட்சுமணசாமிக்குப் பிடித்தால் இனி சனிக்கிழமைதோறும் நாங்கள்தான். பிடிக்காவிட்டால் எனக்கு வாசிக்கப் பியானோவே இல்லை. வகுப்பு நடத்தும் மிஸ் இந்த மாதத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். வகுப்புப் பியானோ ஊட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகிறது.

வீட்டில் இருப்பது பவானி ஜமக்காளம். மேஜைமேல் விரித்து, அதன் கோடுகளையே பியானோக் கட்டைகளாக நினைத்துத்தான் இத்தனை வருடம் விரல் பழகினேன்.

பழகியதெல்லாம் லண்டன் இசைப் பரீட்சைப் பாடங்கள். தாளில் இருப்பதை வாசிப்பேன். தாள் முடிந்தால் எழுந்து வணங்குவேன்.

அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டுக் கேசட்டுகளைத் தாரிக்தான் கொண்டுவந்தான். முதல் வரியை இரண்டு தடவை பாடி, மூன்றாவதில் பதில் சொல்வார்கள். அதற்குப் பன்னிரண்டு தாளக் கட்டம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. துக்கத்தைப் பாடும்போதே சிரிக்கவும் இடம் வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒத்திகையில் சுற்றிச் சுற்றி வாசித்தவள்தான். இன்று ஆட்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தாளில் பன்னிரண்டு கட்டம் எழுதியிருந்தேன். பன்னிரண்டாவது முடிந்தது. எழுந்தேன். வணங்கினேன்.

யாரும் கைதட்டவில்லை. ஸ்பூன் சத்தம்கூட நின்றது.

தாரிக் அதுவரை இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தான். கிதாரைத் தொடாமல், அதே மெட்டில், என்னைப் பார்த்துப் பாடினான்.

"ஏனுங்க அம்மணி, எந்திரிச்சு எங்கீங்க போறீங்க?"

மறுபடியும் அதே வரி. பிறகு மூன்றாவது, நான் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை வைத்து:

"சிங்காநல்லூர் பஸ்ஸு இன்னும் ஸ்டாண்டுலதான் நிக்குதுங்க."

மேஜைகளில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற மாதிரி இடது கை தானாக உருட்டத் தொடங்கியது. அது எந்தத் தாளிலும் இல்லை. அதன் பிறகு நான் தாளைப் பார்க்கவேயில்லை.

சரியாக வாசித்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு வரி பாடும்போதும் அதற்குப் பதில் என் விரலில் இருந்தது.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். என் தவறைப் பார்த்துவிட்டாரே என்று தாளை மடித்து வைத்தேன்.

"பாட்டெல்லாம் நல்லாருந்துச்சுங்க. அதுலயும் கோவிச்சுட்டுப் போறாப்புல நடுவுல எந்திரிச்சீங்க பாருங்க, அதுதானுங்க ஜனத்துக்குப் புடிச்சுப்போச்சு. வாராவாரம் அது இருக்கோணும்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரு மாசமா அதைத்தானுங்க சார் ஒத்திகை பார்த்தோம்" என்றான் தாரிக், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு நன்றி சொன்னேன். நான் சொன்ன அளவு போதாது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நாளை செய்ய வேண்டியது: ஜமக்காளத்தை விரித்து, பன்னிரண்டாவது கட்டத்தில் தெரியாமல் எழுந்து நிற்பதுபோல எழுந்து நிற்கப் பழக வேண்டும்.